காயினில் வந்த மொய்

திண்டிவனம்
12.2.2025

சௌந்தரத்துக்கு,

ஏழு வருஷம் வாயை மூடிக்கொண்டு இருந்தது போதும். இனியும் பேசாமல் இருந்தால் அதற்குப் பெயர் மானம் இல்லை, மடத்தனம்.

நலம் கேட்டுத்தான் கடிதம் தொடங்க வேண்டும் என்பதால் கேட்கிறேன். உன் சர்க்கரை எந்த அளவில் இருக்கிறது? உன் புருஷன் பச்சமுத்து மாப்பிள்ளையின் முழங்கால் எப்படி? உன் மகள் சங்கவி அந்த ஆஸ்பத்திரி லேபிலேயே இருக்கிறாளா? எனக்கு ரத்த அழுத்தம் மட்டும்தான். அதற்குக் காரணமானவர்கள் எல்லோரும் நலமாக இருக்கிறார்கள்.

ஒரு மணி நேர பஸ் தூரத்தில் இருக்கும் தங்கைக்கு எதற்குத் தபால் என்று நினைப்பாய். சங்கவியின் மஞ்சள் நீராட்டு அன்று தாய்மாமன் சீர்த்தட்டுகளோடு நான் மண்டப வாசலில் வெயிலில் நின்றேன். தாய்மாமன் தட்டுதான் முதலில் உள்ளே போக வேண்டும். உன் புருஷனின் பங்காளிகள் தட்டெல்லாம் போய், போட்டோவும் எடுத்து முடித்த பிறகு எனக்கு மேளம் வந்தது. இனி உன்னோடு பேசமாட்டேன் என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன். சொன்னது சொன்னதுதான். போனில் வருவது பேச்சு. எழுதமாட்டேன் என்று நான் சொல்லவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் சீனுவாசன் வீட்டுக் கிரகப்பிரவேசம். எங்கள் கல்லூரியில் எனக்கு வர வேண்டிய வணிகவியல் துறைத் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவன். நான் போகவில்லை, உன் அண்ணி சூர்யகலா போனாள். அங்கே யாரோ ஒருவன் மொய்க் கவர் கொடுக்காமல் போனைத் தட்டி 'செழிப்பு காயின்' என்று ஒன்றை அனுப்பிவிட்டு, வந்தவர்களுக்கெல்லாம் நோட்டீஸ் கொடுத்தானாம். நோட்டீஸில் பொன்னாடை போர்த்திக்கொண்டு 'கோல்டு லீடர்' என்ற பட்டத்தோடு சிரிப்பது உன் புருஷன்.

அவர் எவ்வளவு போட்டிருக்கிறார்? உடனே எழுது.

இப்படிக்கு,
மு. வேங்கடேசன், எம்.காம்., எம்.பில்.


விழுப்புரம்
17.2.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

சௌந்தரம் எழுதியது. இங்கே எல்லோரும் சுகம். நீங்களும் அண்ணியும் சுகமாக இருக்க மயிலம் முருகனை வேண்டிக்கொள்கிறேன். தபால்காரர் கவரைக் கொடுத்தபோது ஏதோ பாங்க் நோட்டீஸ் என்று பயந்துவிட்டேன். உள்ளே படித்த பிறகும் கொஞ்ச நேரம் அப்படித்தான் இருந்தது.

காயின் கொடுத்தது தென்னரசு. இவருடைய சித்தப்பா மகன், கோலியனூரில் நம் கொல்லைக்கு அடுத்த கொல்லைக்காரன். டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்தவன் இப்போது கோட்டுப் போட்டுக்கொண்டு கூட்டம் நடத்துகிறான். எந்த வீட்டு விசேஷமானாலும் போய்க் காயினில் மொய் வைக்கிறான். மொய் வந்துவிட்டதால் எல்லோரும் அந்த ஆப்பை போனில் ஏற்றிக்கொள்கிறார்கள். ஏற்றின பிறகு விலை தினம் ஏறுவதைப் பார்க்கிறார்கள். பார்த்த பிறகு சொந்தப் பணத்திலும் வாங்குகிறார்கள்.

நமக்கும் அப்படித்தான். தை மாதம் சங்கவிக்கு நிச்சயம் நடந்தது. மாப்பிள்ளை சித்தார்த்தன், முகையூர். பால் குளிரூட்டும் நிலையத்தில் வேலை. தென்னரசு ஐந்நூறு காயின் மொய் வைத்தான். "அண்ணி, இத்த தொடாம வைங்க. கல்யாணத்துக்குள்ள ஒரு நெக்லசு ஆயிடும்" என்றான். இவர் அன்றைக்கு ராத்திரி முழுக்கப் போனைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம் மல்லாட்டை பிடுங்கும் கூலிக்கு வைத்திருந்த பணத்தில் கொஞ்சம் போட்டார். கொஞ்சம்தான்.

அண்ணிக்கு என் அன்பு. உங்கள் எழுத்து இன்னும் அதே மாதிரிதான் இருக்கிறது.

உங்கள் தங்கை,
சௌந்தரம்


திண்டிவனம்
20.2.2025

சௌந்தரத்துக்கு,

கடிதம் கிடைத்தது. இங்கே நலம். தண்ணீர் மூன்று நாளைக்கு ஒரு முறை வருகிறது, அதுவும் எதிர் வீட்டுக்காரன் மோட்டார் போட்டு இழுத்த மிச்சம்.

நான் கிரிப்டோ என்றாலே திருட்டு என்று சொல்கிற ஆள் இல்லை. நானே ஐந்து வருஷமாகப் பிட்காயின் வாங்குகிறேன். மாதச் சம்பளத்தில், தொலைந்தால் அழமாட்டேன் என்கிற அளவுக்கு மட்டும். அரசாங்கத்திடம் பதிவு செய்த எக்ஸ்சேஞ்சில், என் பெயரில் இருக்கும் என் பாங்க் கணக்கிலிருந்து. மூன்று வருஷத்துக்கு முன்னால் அது பாதிக்குக் கீழே விழுந்தது. சீனுவாசன் பயந்துபோய் விற்றான். அவன் விற்றான் என்பதற்காகவே நான் விற்கவில்லை. என் வாழ்க்கையில் வீம்பு லாபம் தந்தது அந்த ஒரு இடத்தில்தான்.

உன் கொழுந்தனின் காயின் வேறு. எந்த எக்ஸ்சேஞ்சில் விற்கலாம் என்று அவனைக் கேட்கச் சொல். எங்குமே விற்க முடியாது. அவனிடம் வாங்கலாம், உறுப்பினருக்குள் அனுப்பிக்கொள்ளலாம், அவ்வளவுதான். ஆப்பில் தெரியும் விலை, ஆப் வைத்திருப்பவன் எழுதுகிற விலை. வாங்கும்போது பணம் ஒவ்வொரு தடவையும் வேறு வேறு ஆள் பெயருக்குப் போயிருக்கும், பார்க்கச் சொல். மாப்பிள்ளை பச்சமுத்து கொஞ்சம் காயினை விற்று ரூபாயாகத் தன் பாங்க் கணக்குக்கு வரவழைக்கட்டும். வந்தால் நான் எழுதியதெல்லாம் பொய்.

'கொஞ்சம்தான்' என்று ஏன் இரண்டு தடவை எழுதினாய்?

முகையூரில் எந்தத் தெரு? பையனின் அப்பா பெயர் என்ன?

இப்படிக்கு,
மு. வேங்கடேசன், எம்.காம்., எம்.பில்.


விழுப்புரம்
15.3.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். நலமறிய ஆவல். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. கொல்லையில் மல்லாட்டை பிடுங்குகிற வேலை. இந்த வருஷம் காய் நன்றாகப் பிடித்திருக்கிறது. அண்ணிக்கு வேர்க்கடலை உருண்டை பிடிக்குமே என்று நினைத்துக்கொண்டேன்.

நீங்கள் சொன்னபடி எடுத்துப் பார்த்தோம். காயினை ரூபாயாக்கும் பட்டனை அழுத்தினால், முதலில் வரி கட்டினால்தான் பணம் வரும் என்று வருகிறது. இவர் தென்னரசுவைக் கேட்டார். "அண்ணே, கவர்மெண்ட் ரூல்ண்ணே. நீ கட்டு, மொத்தமா வந்துரும்" என்றான். பணம் போன பெயர்களையும் பார்த்தேன். நாலு தடவைக்கு நாலு பெயர். ஒன்று வடநாட்டுப் பெயர்.

இவரிடம் சொன்னால், "உங்க அண்ணன் கல்லூரில பாடம் எடுத்துக்கினே இருக்கட்டும். அவருக்கு நாம நல்லா வந்தா ஆவாது" என்கிறார். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

எனக்குக் கை கொஞ்சம் வீங்கியிருக்கிறது. வளையலைக் கழற்றி வைத்திருக்கிறேன். வேறொன்றும் இல்லை.

பையனின் அப்பா பெயர் அப்பாதுரை. பெருமாள் கோயில் தெரு.

உங்கள் தங்கை,
சௌந்தரம்


திண்டிவனம்
18.3.2025

சௌந்தரத்துக்கு,

இங்கே நலம். கை வீங்கியவள் இரண்டு பக்கம் நிறுத்தி எழுதியிருக்கிறாய். எழுத்து கோணவில்லை.

வளையல் எந்தக் கடையில் இருக்கிறது?

வரி விஷயம். கிரிப்டோ லாபத்தில் முப்பது சதவீதம் வரி உண்டு, விற்கும்போது ஒரு சதவீதம் பிடித்தமும் உண்டு. வரியை நாம் வருமான வரித் துறைக்குக் கட்டுகிறோம். நம் பணத்தை நம்மிடம் கொடுப்பதற்கு முன்னால் எனக்கு அனுப்பு என்று கேட்கிறவன் அரசாங்கமும் இல்லை, எக்ஸ்சேஞ்சும் இல்லை. ஒரு ரூபாய் கட்டாதே.

உன் புருஷன் என்னைப் பற்றிச் சொன்னதைக் குறித்து வைத்துக்கொண்டேன்.

இப்படிக்கு,
மு. வேங்கடேசன், எம்.காம்., எம்.பில்.


விழுப்புரம்
9.4.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம் என்று எழுதினால் நம்பமாட்டீர்கள்.

வளையல் நேரு வீதியில் ஒரு அடகுக் கடையில் இருக்கிறது. நான்தான் கழற்றிக் கொடுத்தேன். தை மாதமே, கோல்டு லீடர் ஆகப் பணம் போட்டால் கூட்டத்தில் மேடையில் உட்கார வைப்போம் என்றார்கள். இவர் அதுவரை வாழ்நாளில் ஒரு மேடையிலும் உட்கார்ந்தது கிடையாது அண்ணா. அந்த ஆசையை என்னால் தட்ட முடியவில்லை. வரிப் பணம் மட்டும் கட்டவில்லை, உங்கள் கடிதத்தை வாசலில் நின்று சத்தமாகப் படித்தேன். பக்கத்து வீட்டுக்கே கேட்டிருக்கும்.

இப்போது வேறு சிக்கல். வைகாசியில் தென்னரசுவின் பிள்ளை வல்லரசுவுக்குக் காதுகுத்து. பத்திரிகை வைக்க வந்தவன் காப்பியைக் குடித்துக்கொண்டே, "அண்ணே, நிச்சயத்துல நான் போட்ட மொய்யி இன்னிக்கு மூணு பங்கா நிக்குது, பாத்தியா?" என்றான். இவர் பார்த்தார். ஆப்பில் அப்படித்தான் இருக்கிறது. வந்த மொய்யை விடக் குறைத்துத் திருப்பினால் ஊரில் தலை காட்ட முடியாது. அதனால் மூன்று பங்கும் அதற்கு மேலேயும் ரொக்கமாக வைக்க வேண்டும் என்று இவர் நிற்கிறார். எல்லா வீட்டிலும் இதே பேச்சுதான். அவன் கொடுத்தது காயின், எதிர்பார்ப்பது ரொக்கம். ஆனால் மொய்யை யார் எண்ணிக் கேட்பது?

ரொக்கம் இல்லை. மல்லாட்டைப் பணம் கடனுக்குப் போய்விட்டது. சங்கவிக்குச் செய்து வைத்திருக்கும் கல்யாண ஆரத்தை ஒரு மாதத்துக்கு அடகு வைக்கலாம் என்கிறார். ஆவணியில் கல்யாணம். வைத்த ஆரம் திரும்பி வருமா என்று யோசித்து எனக்குத் தூக்கம் போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை சங்கவி திண்டிவனம் வருவாள். அவள் கையில் ஒரு பை இருக்கும். மேலே வேர்க்கடலை உருண்டை, அண்ணிக்கு. அதற்குக் கீழே இருப்பதை உங்கள் பீரோவில் வையுங்கள். இவர் கேட்டால், அண்ணனிடம் இருக்கிறது, போய்க் கேளுங்கள் என்று சொல்லிவிடுவேன். உங்களிடம் வந்து கேட்க இவருக்கு வாய் வராது.

உங்கள் தங்கை,
சௌந்தரம்


திண்டிவனம்
14.4.2025

சௌந்தரத்துக்கு,

புத்தாண்டு நல்வாழ்த்துகள். அச்சடித்த வாழ்த்து அட்டை வாங்கவில்லை, விலையைப் பார்த்தேன்.

சங்கவி வந்தாள். உயரமாகிவிட்டாள். என்னைப் பார்த்ததும், "மாமா, இன்னும் கோவமாதான் கீறீங்களா? இல்ல சாப்ட்டுட்டு கேக்கட்டா?" என்றாள். உன் அண்ணி அவளைச் சாயங்காலம் வரை விடவில்லை. பையில் இருந்தது பத்திரம்.

என் பிட்காயினைப் பற்றிக் கேட்டாள். எக்ஸ்சேஞ்சில் வாங்கியதை வாலட் என்ற என் சொந்தப் பெட்டிக்கு மாற்றிவிட்டேன், அதைத் திறக்கும் பன்னிரண்டு சொற்கள் எனக்கு மட்டும்தான் தெரியும், உன் அத்தைக்குக்கூடச் சொல்லவில்லை என்று பெருமையாகச் சொன்னேன். "அப்ப நாளைக்கு உங்களுக்கு ஒன்னு ஆச்சுன்னா அத்தை எந்த பொட்டிய தொறப்பாங்க? ஆருக்குமே இல்லாத பூடும்" என்றாள். லேபில் ஊசி குத்திப் பழகியவள். அன்று மாலையே எழுதிக் கவரில் ஒட்டி உன் அண்ணியிடம் கொடுத்துவிட்டேன். அவள் அதை உப்பு ஜாடிக்குப் பின்னால் வைத்திருக்கிறாள்.

இப்போது மொய். மாப்பிள்ளையிடம் அது மோசடி என்று சொல்லாதே. சொன்னால் என்மேல் உள்ள கோபத்தில் இன்னும் வாங்குவார். மரியாதைப்படியே போ. மொய் எந்த ரூபத்தில் வந்ததோ அதே ரூபத்தில் திரும்புவதில் என்ன குறை? ஐந்நூறு காயின் வந்தது. ஐந்நூற்றொன்றாகத் திருப்பச் சொல். மூன்று பங்காகிவிட்டது என்று அவனே சொல்கிறான், அப்படியானால் மூன்று பங்கும் போய்ச் சேருகிறது. மேலே ஒரு காயின் மரியாதைக்கு. கோல்டு லீடர் காயினில் மொய் வைப்பதுதான் பொருத்தம், மைக்கில் படிக்கச் சொல்லுங்கள் என்று கொஞ்சம் ஏற்றிவிடு. உறுப்பினருக்குள் அனுப்ப அந்த ஆப்பில் தடை இல்லை.

காயின் உண்மையென்றால் தென்னரசு சந்தோஷப்படுவான். அந்த நேரத்தில் அவன் முகத்தை மாப்பிள்ளை பார்க்கட்டும். என் கடிதத்தை நம்ப வேண்டாம், அவன் முகத்தை நம்பினால் போதும்.

இப்படிக்கு,
மு. வேங்கடேசன், எம்.காம்., எம்.பில்.


விழுப்புரம்
9.6.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

எல்லோரும் நலம். இந்தத் தடவை நிஜமாகவே நலம். இரண்டு மாதம் எழுதவில்லை என்று கோபமாக இருப்பீர்கள். நடந்து முடியட்டும் என்று காத்திருந்தேன். முன்கூட்டி எழுதினால் திருஷ்டி.

நேற்றுதான் காதுகுத்து, கோலியனூர் மண்டபத்தில். ஆரம் எங்கே என்று இவர் சித்திரையிலேயே கேட்டார். உங்களிடம் இருக்கிறது என்றேன். அரை நாள் கொல்லையிலேயே இருந்துவிட்டு வந்தார். அப்புறம் நீங்கள் சொன்ன காயின் யோசனையை என் யோசனை மாதிரி சொன்னேன். "தேவலையே, கைக்காசு போவாது" என்றார். நம்பித்தான் வந்தார் அண்ணா, அது முக்கியம். புது வேட்டி கட்டிக்கொண்டு வந்தார்.

மொய் மேஜையில் பெயர் படிக்கும் பங்காளிப் பையன் வெற்றிச்செல்வன் மைக்கோடு உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் தென்னரசு, பெரிய தோல் பையோடு. இவர் போனை எடுத்து, "ஐந்நூத்தி ஒரு காயின், அனுப்பிட்டேன், சத்தமா படிடா" என்றார். வெற்றிச்செல்வனும் படித்தான். "கோலியனூர் கோல்டு லீடர் பச்சமுத்து, ஐந்நூத்தி ஒரு செழிப்பு காயின்."

தென்னரசு இவர் காதோடு காதாக, "இன்னாண்ணே நீ, இன்னிக்கு காயின் வேணாம்ணே. ரொக்கமா குட்த்துடு" என்றான்.

"ஏண்டா, நீ எனக்கு இன்னா போட்டியோ அதையேதான போடறேன்? ஒன்னு சேத்தே போட்டுக்கீறேன்."

"இல்லண்ணே, மண்டபத்துக்கு குடுக்கணும், சமையலுக்கு குடுக்கணும்..."

"காயின குடு. மூணு பங்கு ஆயிடுச்சின்னு நீதான சொன்ன?"

மைக் திறந்தே இருந்தது. இவ்வளவும் சாப்பாட்டுப் பந்தி வரைக்கும் கேட்டது. வரிசையில் அடுத்து நின்றது வல்லத்திலிருந்து வந்த வெள்ளையம்மாள். பேத்தியின் மஞ்சள் நீராட்டுக்கு இவன் காயின் வைத்திருந்தானாம். கையில் வைத்திருந்த கவரை இடுப்பில் செருகிக்கொண்டு, "அப்டின்னா எனக்கும் காயின்தாம்பா. எங்கூட்டு போன்ல சும்மா கெடக்குது, எட்த்துக்கோ" என்றாள். அதற்கப்புறம் பார்க்க வேண்டுமே. கவர்கள் எல்லாம் வந்த இடத்துக்கே போயின. ஒருத்தர் பின்னால் ஒருத்தராகப் போனை நீட்டினார்கள். வெற்றிச்செல்வன் படித்துப் படித்துத் தொண்டை கட்டிப்போய்ச் சோடா கேட்டான். பையனின் தாய்மாமன் மட்டும் நிஜத் தோடு கொண்டு வந்திருந்தான். அவன் எந்தக் கூட்டத்துக்கும் போகாதவன். குழந்தைக்குக் காதில் தங்கம் ஏறியது, அது போதும்.

கடைசியில் சமையல்காரர் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். "தம்பி, ஊரே காயினு குடுக்குது. எனக்கு மட்டும் காயினு வேணாம்பா" என்றார். மண்டபமே சிரித்தது. தென்னரசு சிரிக்கவில்லை. தோல் பையை மடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

திரும்பி வரும்போது இவர் பஸ்ஸில் அந்த ஆப்பைத் திறந்து திறந்து மூடிக்கொண்டே வந்தார். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதுதான் சொன்னார். "அவன் மூஞ்ச பாத்தேன் சௌந்தரம். அது ஒன்னுத்துக்கும் ஒதவாதுன்னு அவனுக்கு மொதல்லியே தெரிஞ்சிருக்குது. தெரிஞ்சே எனக்கு பொன்னாட போத்திக்கீறான்."

கேப்பைக் களி கிளறிக் கொடுத்தேன். சாப்பிட்டுவிட்டுத் தூங்கினார். போனை வெளியே வைத்துவிட்டுத் தூங்கினார்.

உங்கள் தங்கை,
சௌந்தரம்


திண்டிவனம்
13.6.2025

சௌந்தரத்துக்கு,

நலம். உன் கடிதத்தை நான் இரண்டு முறை படித்தேன். உன் அண்ணி சமையல்காரர் வரும் இடத்தை மட்டும் நான்கு முறை படிக்கச் சொன்னாள். ரத்த அழுத்தம் குறைந்திருப்பதாக டாக்டர் சொல்கிறார். மாத்திரையை மாற்றியதால் என்று அவர் நினைக்கிறார்.

இனிச் செய்ய வேண்டியது. மாப்பிள்ளை உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்து புகார் சொல்லட்டும். பணம் போன நாலு பெயர்களும், தேதியும், ஆப்பின் படங்களும் கையில் இருக்கட்டும். அப்புறம் எஸ்.பி. ஆபீஸில் சைபர் பிரிவுக்கு நேரில் போகட்டும். வெட்கப்பட்டுக்கொண்டு வீட்டில் உட்காரும் ஒவ்வொரு நாளும் பணம் இன்னும் தூரம் போகும். போட்டது முழுக்கத் திரும்பும் என்று நான் சொல்லமாட்டேன். திரும்பாமலும் போகலாம்.

இன்னொன்று. தொலைந்த பணத்தை மீட்டுத் தருகிறோம், கொஞ்சம் கட்டணம் அனுப்புங்கள் என்று யாராவது போன் செய்வார்கள். ஏமாந்தவர்களின் எண்கள் அவர்களுக்குள் கை மாறும். வைத்துவிடச் சொல்.

மாப்பிள்ளை பட்ட நஷ்டத்தைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை. சொல்ல நிறைய இருக்கிறது. மேடையில் உட்கார ஆசைப்பட்டது குற்றம் இல்லை. நாற்காலி ஆசை எனக்கும் தெரியும்.

ஆரம் பத்திரமாக இருக்கிறது.

இப்படிக்கு,
மு. வேங்கடேசன், எம்.காம்., எம்.பில்.


விழுப்புரம்
4.7.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

எல்லோரும் சுகம். என் சர்க்கரைகூட இறங்கியிருக்கிறது. வளையலை மீட்டுவிட்டோம். மல்லாட்டை எடுத்த கொல்லையில் இவர் போட்டிருந்த கத்திரிக்காய் கைகொடுத்தது. புகார் கொடுத்தாயிற்று. இவரோடு பதினோரு பேர் போனார்கள். தென்னரசு டிராக்டரை விற்று முதலிலேயே இதில் போட்டவனாம். மேலே இருப்பவன் யாரென்று அவனுக்கே தெரியாது. ஆப் இப்போது திறப்பதில்லை. அவன் போட்டிருந்த கோட்டையும் காணோம். அவனும் ஒரு புகார் எழுதிக் கொடுத்திருக்கிறான். பெண்டாட்டி கூழ் ஊற்றுகிறாளா என்றே தெரியவில்லை. பாவம் என்று நினைத்தால் கோபம் வருகிறது, கோபப்பட்டால் பாவமாக இருக்கிறது.

சங்கவி அவள் சம்பளத்தில் மாதம் கொஞ்சம் பிட்காயின் வாங்க உங்களிடம் வழி கேட்டிருக்கிறாளாமே. தபாலில் எழுதமாட்டாள், அத்தை போனுக்கு மெசேஜ் அனுப்பியிருக்கிறாள். நகைக்கும் சீட்டுக்கும் போக மிஞ்சினால்தான் என்று நான் சொல்லிவிட்டேன்.

ஆடி பிறப்பதற்குள் கல்யாணப் பத்திரிகை அடித்தாக வேண்டும். அச்சகத்துக்காரர் தினம் போன் செய்கிறார். தாய்மாமன் பெயர் போடுகிற வரி காலியாக இருக்கிறது. எம்.காம்., எம்.பில். சேர்க்க வேண்டுமா?

ஒவ்வொரு கடிதத்துக்கும் கீழே பட்டம் போட்டுக் கையெழுத்துப் போடுகிறீர்கள். நான் என்ன, தேர்வு அதிகாரியா? அண்ணன் என்று எழுதினால் விரல் ஒடிந்துவிடுமா?

ஆரம் உங்கள் பீரோவில் இருக்கிறது. அதை நான் இப்போதைக்கு வாங்கிக்கொள்ளப்போவதில்லை. நீங்கள் வராவிட்டால் பெண் ஆரம் இல்லாமல்தான் மணவறையில் உட்காருவாள். எனக்கு வருத்தம் இல்லை.

இவர் ஏதோ எழுத வேண்டும் என்கிறார். கீழே அவர் எழுத்து.

மச்சான், அன்னிக்கு உங்க தட்ட வாசல்ல நிக்க வச்சது நான்தான். போட்டோகிராபர் மேல பழி போட்டுட்டேன். இந்த வாட்டி மேளக்காரனுக்கு நானே சொல்லிக்கீறேன். நீங்க பஸ் எறங்கற எடத்துலேர்ந்தே மேளம். வாங்க. பச்சமுத்து.

உங்கள் தங்கை,
சௌந்தரம்


திண்டிவனம்
8.7.2025

சௌந்தரத்துக்கு,

இங்கே இருவரும் நலம். அங்கே எல்லோரும் நலம் என்று கேள்வி கேட்காமலே நம்புகிறேன்.

பத்திரிகையில் பட்டம் வேண்டாம். மு. வேங்கடேசன், சூர்யகலா, திண்டிவனம். அவ்வளவு போதும். எழுத்து சீனுவாசன் வீட்டுப் பத்திரிகையில் இருந்ததைவிடச் சிறியதாக இருக்கக் கூடாது. அளந்து பார்க்க ஒன்று என்னிடம் இருக்கிறது.

நான் வருவது ஆரத்தை ஒப்படைக்க. வேறு எதுவும் நினைத்துக்கொள்ள வேண்டாம். நகையைத் தபாலில் அனுப்ப முடியாது, பஸ்ஸில் ஒருவரிடம் கொடுத்தனுப்பவும் முடியாது. ஆகவே நானே வர வேண்டியிருக்கிறது. வரும்போது வெறும் கையோடு வருவது முறையில்லை என்று உன் அண்ணி தட்டுகளுக்குச் சொல்லிவிட்டாள். எத்தனை தட்டு என்று கேட்காதே, வாடகைக்கு ஒரு டெம்போ பேசியிருக்கிறது. மாப்பிள்ளையிடம் சொல், பஸ் இறங்கும் இடத்தில் மேளம் வேண்டாம், பஸ்ஸில் வரவில்லை. மண்டப வாசலில் இருந்தால் போதும். முதலில் என் தட்டு. அதில் மாற்றம் இல்லை.

மாப்பிள்ளை எழுதிய வரிகளை உன் அண்ணி கத்தரித்து எடுத்துத் தன் கைப்பையில் வைத்திருக்கிறாள். யாராவது மறுத்தால் காட்டுவதற்காம். நான் அப்படியெல்லாம் இல்லை. நான் மன்னித்துவிட்டேன் என்று எழுதவும் இல்லை. அந்த வெயில் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. ஆனால் ஆவணியில் அவ்வளவு வெயில் இருக்காது.

மொய் கவரில் ரொக்கமாக வைப்பேன். அதைத் திருப்புவதற்கு என் வீட்டில் விசேஷம் எதுவும் இல்லை. சங்கவியைத் தலை தீபாவளிக்கு மறுநாள் புது மாப்பிள்ளையோடு திண்டிவனம் அனுப்பு, கணக்கு முடிந்துவிடும்.

கடைசியாக, கையெழுத்து. பழைய கையெழுத்தைப் போட்டால் நீ சிரிப்பாய். நீ கேட்ட சொல்லைப் போடலாம் என்று பேனாவை மூன்று தடவை வைத்து மூன்று தடவை எடுத்துவிட்டேன். ஏழு வருஷமாக எழுதாத சொல், பக்கத்தின் கீழே தனியாக நிற்க எனக்குக் கூச்சமாக இருக்கிறது. அதை மண்டபத்தில் நீயே கூப்பிடு, திரும்பிப் பார்க்கிறேன். கையெழுத்து இல்லாத கடிதம் செல்லாது என்று இருபத்தாறு வருஷமாக வகுப்பில் சொல்லிக்கொடுத்து வருகிறேன், இல்லாததற்கு மதிப்பெண்ணும் குறைத்திருக்கிறேன். இருக்கட்டும். நாலரை மணித் தபால் எடுப்பதற்குள் போட வேண்டும். யார் எழுதியது என்று உனக்குத் தெரியும். இதை இப்படியே, கையெழுத்துப் போடாமல் அனுப்புகிறேன்.